உத்திரத்து ஓட்டையும் ஒரு டப்பா ஃபோமும்

அந்த வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது. சாவியைக் கையில் கொடுக்கும் முன்பே வீட்டுக்காரர் சொன்ன முதல் விதி அது. இரண்டாவது, தறிக்கூடத்துப் பக்கம் வரக் கூடாது. மூன்றாவது விதியென்று எதுவும் அவர் சொல்லவில்லை. அவருடைய மனைவி ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"ஊரு எது?"

"படவேட்டுப் பக்கம்க்கா."

"படவேட்டுல எந்தப் பக்கம்?"

எங்களைப் போல வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்த இரண்டாவது கேள்வி பழக்கம். முதல் கேள்வி ஊரைக் கேட்பது. இரண்டாவது தெருவைக் கேட்பது. ஆரணியில் அதற்கு முன்பு ஒன்பது வீடுகளில் இந்தக் கேள்விக்குப் பிறகுதான், சொந்தக்காரங்க வரேன்னு சொல்லியிருக்காங்க என்ற பதில் வந்திருந்தது. இந்த முறை நான் வாயைத் திறப்பதற்குள் அப்பாவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. வாசற்படியைப் பிடித்துக் குனிந்துவிட்டார். "சரி சரி, பெரியவர உக்கார வைம்மா" என்று வீட்டுக்காரர் சாவியை நீட்டிவிட்டார். கேள்விக்கு நாங்கள் பதில் சொல்லவேயில்லை. அவர்கள் மறுபடி கேட்காமலே தெரிந்துகொண்டார்கள் என்பது எங்களுக்கு ஒரு மாதத்தில் தெரிந்தது.

அப்பா இருபத்தைந்து வருஷம் களம்பூர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கியவர். தவிட்டுத் தூசி நெஞ்சில் தங்கிவிட்டது. மூச்சு முட்டும்போது பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும், போய்ச் சேரப் பத்து நிமிஷம்தான் ஆக வேண்டும். எங்கள் ஊரில் காலையில் ஒரு பஸ், சாயந்திரம் ஒரு பஸ். நடுவில் மூச்சு முட்டினால் சாயந்திரம் வரை முட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அதனால் எனக்கு ஆரணியில் ஒரு வீடு வேண்டும். அது கையைவிட்டுப் போகக் கூடாது. அந்த ஒரு வருஷத்தில் நான் செய்த கெட்டிக்காரத்தனம், மடத்தனம் எல்லாவற்றுக்கும் காரணம் இதுதான்.

நான் செய்யாறு பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். காலுக்கு அடியில் வைக்கும் ஃபோமை வெட்டி, எடை போட்டு, அழுத்தி, எவ்வளவு நேரத்தில் பழையபடி எழுகிறது என்று குறிப்பது என் வேலை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு ஃபோம் பைத்தியம். சிரிக்க வேண்டாம். அது முழுக்கக் காற்று. காற்றைச் சின்னச் சின்ன அறைகளில் பூட்டி வைத்தால் சூடும் நகராது, சத்தமும் நகராது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் இதைச் சொல்லிச் சொல்லி அவள் ஜன்னலோரத்தை எனக்கே விட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

எங்கள் போர்ஷன் அந்த வீட்டின் பின்பாதி. முன்பு அதுவும் தறிக்கூடமாகத்தான் இருந்ததாம். நடுவில் ஒரு சுவர் எழுப்பி, மேலே சிமெண்ட் ஷீட் போட்டு வாடகைக்கு விட்டிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய பட்டுத் தறி. அதில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பட்டு இழைகளுக்குப் பாவு என்று பெயர். தறிக்கு மேலே, சேலையில் பூ விழ வைக்கும் ஜக்கார்டு பெட்டி. அந்தப் பெட்டியைத் தாங்கும் உத்திரம் நடுச்சுவரைத் துளைத்துக்கொண்டு எங்கள் அறைக்குள் நான்கு விரற்கடை நீட்டிக்கொண்டிருந்தது. உத்திரத்தைச் சுற்றிக் கை நுழையும் அளவுக்கு ஓட்டை. அடியில் ஒரு மர ஆப்பு. நான் அதைக் குப்பை என்று நினைத்தேன். கொத்தனார் பூசாமல் விட்ட வேலை என்று.

பங்குனி பிறந்ததும் ஷீட் காயத் தொடங்கியது. பகலில் அந்த அறையில் படுப்பது தோசைக்கல்லுக்கு அடியில் படுப்பது போல. ஃபேன் சூட்டைக் கலக்கி முகத்தில் ஊற்றியது. நான் வேலைக்குப் போனபின் அப்பா துண்டை நனைத்து மார்பில் போட்டுக்கொண்டு, சுவரில் முதுகைச் சாய்த்து, நான் வரும்வரை உட்கார்ந்தே இருப்பார். படுத்தால் மூச்சு வராது.

வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டேன். ஷீட்டுக்கு மேல் ஓலையாவது போட்டுத் தாருங்கள் என்று.

"ஷீட்டு வூடுன்னு பாத்துதான வந்தீங்க?" என்றார்.

"வெய்யில் இவ்ளோ அடிக்கும்னு தெரியாதுங்க."

"ஆரணியில வெய்யில் அடிக்காம பனியா கொட்டும்? இஷ்டம் இருந்தா இரு."

இருந்தேன். ஆனால் சும்மா இருக்கவில்லை. ஒரு பக்கம் வெள்ளித்தாள் ஒட்டிய ஃபோம் சுருளாக விற்கிறது. இரண்டு சுருள் வாங்கி, ஷீட்டைத் தாங்கும் இரும்புப் பைப்புகளில் பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டித் தொங்கவிட்டேன். ஓர் ஆணி இல்லை. ஷீட்டும் சுவரும் சேரும் இடத்தில் அனல் வரும் சந்துகளுக்கு, டப்பாவில் அடைத்து விற்கும் ஸ்பிரே ஃபோம். குலுக்கி, சுவரை ஈரமாக்கி, குழாயை வைத்து அழுத்தினால் ஷேவிங் கிரீம் போல வரும். ஒரு மணி நேரத்தில் இரண்டு மூன்று மடங்கு ஊதி, ரொட்டி போல இறுகிவிடும். கம்பெனியில் பழசாகிவிட்டது என்று தூக்கிப்போட்ட தெர்மாமீட்டரைக் கேட்டு வாங்கி வந்து சுவரில் சாய்த்து வைத்தேன். மறுநாள் மத்தியானம் முந்தின நாளைவிட ஐந்து டிகிரி குறைவு. நான் சாயந்திரம் வந்தபோது அப்பா பாயில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மூன்று வாரத்தில் அன்றுதான் அவர் பகலில் படுத்திருந்து பார்த்தேன்.

இத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

உத்திரத்து ஓட்டை மிச்சம் இருந்தது. அதன் வழியாகத் தறிச் சத்தம் வரும். அது பரவாயில்லை, அப்பாவுக்கு மில் சத்தத்தில் தூங்கிய பழக்கம். பேச்சும் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கருவாடு வறுத்தேன். அந்தப் பக்கம் வீட்டம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"நாத்தம் தாங்கல. பாவுல ஏறிக்கும்போல கீது. யாருன்னு பாத்து விட்டிருக்கணும். கெழவன் இருமினதும் மனசு எளகிட்சி இந்த ஆளுக்கு."

"மெதுவா பேசு, கேக்கும்" என்றார் அவர்.

"கேக்கட்டுமே. காலகாலமா நம்ம தறி இருந்த எடம். இப்ப யாரு படுத்துகினு இருக்கறது பாரு."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. கருவாட்டைப் புரட்டு, தீயுது என்றார். அவ்வளவுதான். நான் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். பிறகு எல்லோரிடமும் அனலுக்காக அடைத்தேன் என்றுதான் சொன்னேன். அப்பாவிடமும் அப்படித்தான். அந்த ஓட்டையில் அனல் வரவில்லை. உள்சுவர் அது, எப்படி வரும். அந்தக் குரல் வந்தது, அதற்காக அடைத்தேன்.

நாளும் பார்த்துத்தான் செய்தேன். நெசவுக்காரர் வீடுகளில் அமாவாசைக்குத் தறியில் உட்கார மாட்டார்கள். மற்ற நாளெல்லாம் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அவர் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பார். சித்திரை அமாவாசையன்று தறிக்கு மேல் பழைய வேட்டியைப் போர்த்திவிட்டு இரண்டு பேரும் கோயிலுக்குக் கிளம்பினார்கள். எந்தக் கோயில் என்றால் படவேட்டு அம்மன். எங்கள் ஊர்ப் பக்கத்து அம்மனுக்கு எந்தப் பக்கமாக இருந்தாலும் ஆட்சேபம் இல்லை போலிருக்கிறது.

நான் கம்பெனிக்கு லீவு சொல்லியிருந்தேன். அவர்கள் வண்டிச் சத்தம் மறைந்ததும் ஸ்டூல் போட்டு ஏறினேன். டப்பாவிலேயே எழுதியிருக்கும், ஓட்டையைப் பாதிக்குமேல் நிரப்பாதே என்று. எனக்கு அது தெரியும், நான் நாள் முழுக்க ஃபோம் ஊதுவதைப் பார்க்கிறவள். ஆனால் அந்த டப்பாவை ஒருமுறை திறந்தால் எடுத்து வைக்க முடியாது, மூக்கு அடைத்துக்கொண்டுவிடும். பாதி டப்பாவை வீணாக்குவதா? குழாயை ஆழமாக விட்டு, ஆப்பைச் சுற்றி, உத்திரத்தைச் சுற்றி, டப்பா சீறி ஓயும்வரை அழுத்தினேன். என் பக்கம் மஞ்சளாக, மெத்தென்று, பார்க்க அழகாக நின்றது. வழிந்ததைக் கத்தியால் சீவினேன். வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது போல இருந்தது. தறி ஓடாத நாளில் அமைதி இல்லாமல் எப்படி இருக்கும் என்று அப்போது தோன்றவில்லை.

மறுநாள் விடிகாலை கதவு இடிபட்டது. கம்பெனி பஸ்ஸுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் வாசலுக்கு வெளியே நின்றார். படி ஏறவில்லை. அவர் எப்போதுமே எங்கள் படி ஏறுவதில்லை.

"இன்னா பண்ணி வெச்சிகீற?"

"என்னங்க?"

"செவுத்துல. இன்னாத்த ஊத்தின?"

"ஓட்டைய அடைச்சேன். அனல் வருதுன்னு."

"யார கேட்டு அடைச்ச?"

"ஆணிதான அடிக்கக் கூடாதுன்னீங்க. ஆணி அடிக்கலயே."

இந்த வாய்தான். அவர் முகம் அப்படியே நின்றது. பின்னால் அந்தம்மா இடுப்பில் கை வைத்தபடி வந்து சேர்ந்தார்.

"பாருங்க, எப்டி பேசுது. படிச்ச வாயி."

நடந்தது இதுதான். நான் சீவி அழகு பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஃபோம் அந்தப் பக்கம் ஊதிப் பிதுங்கி, இறுகுவதற்கு முன்பே கட்டி கட்டியாகக் கீழே தொங்கியிருக்கிறது. ஜக்கார்டு பெட்டி சுவரை ஒட்டி இருக்கிறது. பெட்டியிலிருந்து பாவு இழைகளைத் தூக்குவதற்காக நூற்றுக்கணக்கில் கயிறுகள் இறங்கும். ஓரத்துக் கயிறுகளில் ஒரு கொத்து முழுக்க ஃபோமுக்குள் மாட்டிச் சேர்ந்து இறுகிவிட்டது. மற்ற எந்த நாளாக இருந்தாலும் அவர் தறியில் இருந்திருப்பார், முதல் பிதுக்கத்திலேயே பார்த்துக் கத்தியிருப்பார். நான்தான் கெட்டிக்காரத்தனமாக அமாவாசையைத் தேர்ந்தெடுத்தேனே. விடிகாலையில் வந்து மிதியை அழுத்தினால் ஒரு கயிறு போக வேண்டிய இடத்தில் நாற்பது கயிறு போயிருக்கிறது. வேட்டி மூடியிருந்ததால் பாவு தப்பியது.

"வைகாசி கடைசிக்குள்ள காலி பண்ணு" என்றார்.

"ஐயா" என்று அப்பா எழுந்தார். அதற்குள் மூச்சு வாங்கியது. "சின்னப் பொண்ணு, தெரியாம..."

"நீ உக்காருப்பா" என்றேன். "நானே எடுத்துத் தரேன். ஃபோம எப்படி எடுக்கறதுன்னு எனக்குத் தெரியும்."

"நீ எடுத்து கிழிச்சது போதும்" என்றார் அந்தம்மா.

வீட்டுக்காரர் திரும்பித் தறிக்கூடத்துப் பக்கம் பார்த்தார். அந்தக் கயிறுகளை நினைத்து அவருக்கு இருந்த பயம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஃபோம் அவருக்குப் பழக்கமில்லாத பொருள். இழுத்தால் கயிறு அறுமா, எண்ணெய் ஊற்றினால் கரையுமா, எதுவும் தெரியாது. எனக்குத் தெரியும். இறுகிய ஃபோம் எதிலும் கரையாது, பிளேடால் சிறிது சிறிதாகச் செதுக்கத்தான் வேண்டும்.

"சாயந்திரம் வா" என்றார். "பின்கட்டு வழியா."

எட்டு மாதம் குடியிருந்த வீட்டின் தறிக்கூடத்துக்குள் அன்றுதான் நுழைந்தேன். நான் நிற்க வேண்டிய இடத்தில் அந்தம்மா பழைய சாக்கு விரித்திருந்தார். நான் உள்ளே வந்ததும் ஓரத்திலிருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். என்னைப் பார்த்துக்கொண்டே தூக்கினார்.

மூன்று சாயந்திரம் ஸ்டூல் மேல் நின்று நகவெட்டிக் கத்திரியாலும் பாதி பிளேடாலும் செதுக்கினேன். கீழே பாவு, பச்சையும் அரக்கும், தண்ணீர் போல விரிந்து கிடந்தது. ஒரு துணுக்கு ஃபோம் அதன் மேல் விழக் கூடாது என்று வீட்டுக்காரர் கீழே முறத்தை ஏந்திக்கொண்டு நின்றார்.

"பாத்து."

"பாத்துதான் பண்றேன்."

"ஜல்தியா பண்ணு. மூணு நாளா தறி நின்னுகினு கீது."

"ஜல்தியா பண்ணா கயிறு அறும். எது வேணும்?"

"உன் வாய மூடிகினு பண்ணு."

எனக்குக் கழுத்து வலித்தது, அவருக்குக் கை வலித்திருக்கும். இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளவில்லை. ஏழு கயிறுகளை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. அவற்றை அவரே அறுத்து, புதுக் கயிறு அளந்து கட்டினார். கண்ணை இடுக்கிக்கொண்டு அளந்தார். ஓர் இழை நீளம் தப்பினாலும் பூ கோணிக்கொள்ளும் என்று என்னிடம் சொல்வது போல இல்லாமல் சொன்னார்.

கடைசி நாள், எல்லாம் முடிந்து மிதியை அழுத்தினார். பெட்டி தூக்கியது. ஆனால் ஒரு பக்கம் சாய்ந்து தூக்கியது. எனக்கே தெரிந்தது.

"கோணலா இருக்குதே" என்றேன்.

"தெரியுது."

"நான் ஊத்தினதாலயா?"

அவர் மிதியிலிருந்து காலை எடுத்தார். வாசலில் நின்ற அந்தம்மாதான் சொன்னார். "அதுக்கு முன்னாடியே கோணல்தான். அந்த ஆப்ப தட்டி சரி பண்ணணும். ஆப்பு உங்க பக்கம் கீது. இவரு உங்க வூட்டுக்குள்ள வந்து தட்டுவாரா?"

அந்த ஆப்பு. நான் குப்பை என்று நினைத்தது. கொத்தனார் பூசாமல் விட்டது. ஒவ்வொரு புதுப் பாவு ஏற்றும்போதும் அந்த ஆப்பைத் தட்டித்தான் பெட்டியைச் சமன் செய்ய வேண்டுமாம். உத்திரம் அசைய இடம் வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஓட்டை. நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அவர் தட்டவில்லை. எட்டு மாதம் கோணல் பெட்டியை வைத்துக்கொண்டு காலால் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துச் சமாளித்து நெய்திருக்கிறார். எங்கள் படியில் கால் வைப்பதைவிட அது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

"நான் வேணா தட்டட்டுமா?" என்றேன். நல்ல எண்ணத்தில் கேட்கவில்லை.

"உன்ன தட்ட விட்டா வூடே வுழுந்துடும்" என்றார்.

அன்றிரவே என் பக்கத்து ஃபோமைக் குடைந்து எடுத்து ஆப்பை வெளியே தெரிய வைத்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நடுமத்தியானம் அவர் ஆப்பு தட்டும் மரச்சுத்தியலான கொட்டாப்புளியோடு வந்தார். படிக்கு வெளியே செருப்பை விட்டார். சிறிது நேரம் நின்றார். பிறகு ஏறி உள்ளே வந்தார்.

வந்ததும் நின்றுவிட்டார். ஆப்பைப் பார்க்கவில்லை, மேலே பார்த்தார். வெள்ளித்தாள் கூரை முழுக்க ஒரே சீராகத் தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. உள்ளே அப்பா பாயில் படுத்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஏசி கீசி வெச்சிகீறியா?"

"இல்லைங்க. ஃபோம்தான்."

கையை மேலே நீட்டி, வெள்ளித்தாளுக்கு அடியில் காற்றைத் தொடுவது போல வைத்துப் பார்த்தார். பிறகு ஸ்டூலில் ஏறி ஆப்பை நாலு தட்டுத் தட்டினார். அந்தப் பக்கமிருந்து அந்தம்மா போதும் போதும் என்றார். அப்பா விழிக்கவில்லை. வீட்டுக்காரர் இறங்கிப் போய்விட்டார். ஒரு மடத்தனமான சந்தோஷத்தில் நான் தெர்மாமீட்டரைத் துடைத்து வைத்தேன். இனிமேல் விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

மறுநாள் அந்தம்மா தண்ணீர் பிடிக்கும்போது சொன்னார்.

"வைகாசி வேணாம். ஆவணி வரைக்கும் இருந்துக்குங்க."

"ரொம்ப தேங்க்ஸ்க்கா."

"ஆவணில எங்க பையன் பெங்களூருலருந்து வந்துடறான். இங்கயே இருந்துகினு கம்ப்யூட்டர்ல வேல பாப்பானாம். முன்னாடியெல்லாம் இந்த ரூமு சூடுன்னுவான். இப்பதான் நல்லா ஜில்லுனு கீதாமே, இவரு சொன்னாரு." குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். "போவும்போது அத பிச்சிகினு போவாதீங்க. அது இந்த வூட்டுக்குன்னு அளவெடுத்து போட்டது."

அப்பாவிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "கோடை தாண்டிடும்ல" என்றார். "ஆடியில எவனும் வீடு தர மாட்டான். இப்பவே தேடு. உன் கை சும்மா இருக்கணும்னா அலைஞ்சிகினே இரு."

அலைந்தேன். சனிக்கிழமை அரை நாள், ஞாயிறு முழு நாள். இன்னும் ஆறு வீடுகளில் அந்த இரண்டாவது கேள்வி. ஏழாவது வீடு களம்பூர் ரோட்டில், ஒரு ரிட்டயர்டு டிரைவருடையது. ஊர் எது என்றார். சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு இங்கிருந்து ஷேர் ஆட்டோ இருக்கு, தண்ணி காலையில மட்டும்தான் என்றார். எனக்கு அடுத்த கேள்விக்காகக் காத்திருந்து பழகிவிட்டதால் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். "இன்னாம்மா, புடிக்கலயா?" என்றார்.

ஆவணி பிறந்து நான்காம் நாள் வண்டி வந்தது. பாத்திரம், பாய், பெட்டி எல்லாம் ஏற்றினபின் ஸ்டூலைப் போட்டு ஏறி, டேக்குகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். சத்தம் கேட்டு அந்தம்மா ஓடி வந்தார்.

"இன்னா பண்ற? அத பிச்சிகினு போவாதன்னு சொன்னனா இல்லியா?"

"நீங்கதான்க்கா ஆணி அடிக்கக் கூடாதுன்னீங்க" என்றேன். "அடிச்சிருந்தா வீட்டோட நின்னிருக்கும். கட்டினது கையோட வந்துடும்."

"ஏங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டே இருந்தது. நிற்கவில்லை. என் கடைசி டேக் அறுந்து, வெள்ளித்தாள் சரிந்து, ஷீட்டின் அனல் ஒரே மூச்சாகக் கீழே இறங்கியது. அந்தம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

சந்துகளில் ஊற்றிய ஃபோமை எடுக்க முடியாது. அது அங்கேதான் இருக்கும், மஞ்சளாக. ஆப்பைச் சுற்றி மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.

புது வீட்டுக்கு மேலே கான்கிரீட், அதற்கு மேல் இன்னொரு மாடி. ஃபோம் தேவையே இல்லை. இரண்டு சுருளையும் சேர்த்து இறுக்கிக் கட்டி அப்பாவின் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். மூச்சு வாங்கும்போது சாய்ந்து, அப்படியே தூங்கிவிடுகிறார். அழுத்தினால் அந்த ஃபோம் எவ்வளவு நேரத்தில் எழுகிறது என்று நான் இன்னும் பார்க்கவில்லை. அவர் எழுந்தால்தானே பார்க்க.